உச்சி வேண்டாம், சுற்று போதும்

மதுரையில் கிரானைட் என்று சொன்னால் குவாரியும் வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அதில் தவறில்லை. மேலூர் வட்டாரத்தில் பாறைகளை வெட்டி விற்றதில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ.சகாயத்தை நியமித்தது. மறு ஆண்டு அவர் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் நம்மில் பலருக்குக் கிரானைட் என்பது இன்றுவரை லாரியில் ஏறும் கல், அடுப்பு மேடையில் பதிக்கும் கல். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய், காலாற நடந்து பார்த்துவிட்டு வரக்கூடிய நிலமாக அது நமக்கு அறிமுகமாகவே இல்லை.

நான் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கரும்பலகையில் படம் வரைந்து நடத்திய பாறைப் பாடத்தைவிட, பிள்ளைகளைக் குன்றின் அடிவாரத்தில் நிறுத்தி நடத்திய பாடம்தான் அவர்கள் மனதில் தங்கியது. இப்போது என்னோடு நடக்க வருகிறவர்கள் வேறு. மூட்டுவலியோடு இருக்கும் என் அக்கா, ஏழு வயதுப் பேத்தி, பக்கத்து வீட்டுத் தம்பதி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் பழைய மாணவர்கள். இவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக நடந்து முடிக்கும்படி வழி வகுக்கும் வேலையில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. நம் சமவெளிக் குன்றுகளுக்கு உச்சிவரை கான்கிரீட் படிக்கட்டு வேண்டாம், ரோப் கார் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் யாரும் நடந்து முடிக்கக்கூடிய, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சின்னச் சுற்றுப்பாதைகள் வேண்டும். குன்றுகளைக் காப்பதற்கும் அதுவே நல்ல வழி என்று நம்புகிறேன்.

யாரையும் விட்டுவிடாத பாதை

ஏறி, அதே வழியில் இறங்கும் நடைக்கு உச்சி ஒன்றே குறி. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர், “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிடுவார். அப்படி உட்கார்ந்துவிடுகிறவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணாகத்தான் இருப்பார். மற்றவர்கள் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்வரை கைப்பைகளுக்குக் காவலாக அவர் காத்திருப்பார். சுற்றுப்பாதையில் அந்த நிலைமை வராது. அங்கே ‘போய்ச் சேர்ந்தவர்’, ‘சேராதவர்’ என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு நூறு அடியிலும் பார்க்க ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகமே எல்லாருடைய வேகமும்.

இன்னொரு காரணம் பாறையே தருவது. ஒரே குன்று கிழக்கே ஒரு முகம், மேற்கே வேறொரு முகம் காட்டும். ஒரு பக்கம் வழுவழுப்பான சரிவு, மறுபக்கம் உருண்டை உருண்டையாகப் பாறைக் குவியல், இன்னொரு பக்கம் குகை. நேராக ஏறி நேராக இறங்குகிறவருக்கு ஒரு முகம்தான் கிடைக்கும்.

மலையைச் சுற்றுவது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பவுர்ணமிதோறும் திரளும் கூட்டத்தில் குழந்தைகளும் உண்டு, தடி ஊன்றிய பெரியவர்களும் உண்டு. மலையின் மேல் ஏறினால்தான் மலையோடு உறவு என்று அவர்களில் எவரும் நினைப்பதில்லை. அந்த மரபு கோயில் இல்லாத குன்றுக்கும் பொருந்தும்.

பாறை சொல்லும் பாடம்

ஒரு குன்றைச் சுற்ற வழி போடுமுன், அது எப்படி உருவானது என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

கிரானைட் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டானது. மெல்லக் குளிர்ந்ததால்தான் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. வெள்ளையாகக் கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ இருப்பது பெல்ஸ்பார். மினுமினுப்பது மைக்கா, பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்ளும் காக்காப்பொன். மதுரைக் குன்றுகளில் கிரானைட்டும் உண்டு. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியாகக் கோடுகள் விழுந்த நைஸ் பாறையும் உண்டு. கல் வியாபாரத்தில் இரண்டுக்கும் கிரானைட் என்ற ஒரே பெயர்தான். இரண்டும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை.

மேலே அழுத்திக்கொண்டிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரித்துப்போனதும், பாரம் குறைந்த கிரானைட் சற்றே விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெங்காயச் சருகுபோல் தகடு தகடாகப் பிளக்கிறது. பெரிய சரிவுகளில் முழங்கால் தடிமனுக்குப் பெயர்ந்து நிற்கும் பலகைகள் அப்படி வந்தவை. குறுக்கும் நெடுக்குமான வெடிப்புகளில் மழைநீர் இறங்கி இறங்கி, பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. ஒரு பெட்டியின் மூலையை நீர் மூன்று பக்கமிருந்து தின்கிறது, விளிம்பை இரண்டு பக்கமிருந்து, நடுமுகத்தை ஒரே பக்கமிருந்து. அதனால் மூலைகள் முதலில் மழுங்குகின்றன. சதுரக் கல் உருண்டைக் கல்லாகிறது. இந்த உருண்டைகளை யாரும் உருட்டிக்கொண்டு வரவில்லை. நின்ற இடத்திலேயே உருண்டையானவை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், அடுத்த பாறையில் அவர்களே மூலைகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பாறையின் மேல் சின்னக் குழி விழுந்தால் அதில் தண்ணீர் தங்கும். தங்கிய தண்ணீர் குழியைப் பெரிதாக்கும். அதுதான் சுனை. சாய்ந்த பலகைப் பாறையின் அடியில் இடம் விட்டால் அது குகை. அந்தக் குகைகளில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சமணத் துறவிகள் தங்கினார்கள். குகைவாயின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல், அந்தக் காடியில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும். அந்தக் காடியை ஒட்டித்தான் பல இடங்களில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாறையின் குணமும் மனிதனின் வாழ்க்கையும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காட்ட இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

சமணர் மலையில் ஒரு காலை

எடுத்துக்காட்டுக்கு ஒரு நடையைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் போய், நாகமலைப் புதுக்கோட்டை அருகே திரும்பினால் கீழக்குயில்குடி. ஊருக்கு வெளியே சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். வண்டி நிறுத்த இடமும் உட்கார நிழலும் இருப்பதால், முதன்முதலாக நடக்க வருகிறவர்களை நான் அழைத்துப் போவது இங்கேதான்.

இதை ஒரே பெரிய வட்டமாக நான் வகுப்பதில்லை. ஆலமரத்தடியை மையமாக வைத்து இரண்டு சிறு நடைகளாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் நடை அடிவாரம் வழியாகச் செட்டிப்புடவு குகைக்கு. போகும்போது பாறையை ஒட்டிய வழி, திரும்பும்போது சாலைப் பக்கம். குகைவாசலுக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று அமர்ந்த நிலையில் இருக்கிறது. ஊர்மக்கள் அவரைச் செட்டியார் என்று அழைத்ததால் குகைக்கும் அந்தப் பெயர். குகைக்குள் குனிந்து போய் நிமிர்ந்து பார்த்தால், வளைந்த பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். அவற்றில் சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வரும் பகைவனோடு போரிடும் இயக்கி ஒருத்தி. என் பேத்திக்கு அவளைத்தான் பிடிக்கும்.

ஆலமரத்தடிக்குத் திரும்பியதும் தண்ணீர் குடித்து, யார் யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று கேட்கிறேன். களைத்தவர்கள் குளக்கரையிலேயே இருக்கலாம். அவர்களுக்கு ஒரு முழு நடை ஏற்கனவே கிடைத்துவிட்டது. மற்றவர்கள் இரண்டாவது நடைக்கு வரலாம். அது பாறையில் வெட்டிய படிகளில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறி, பேச்சிப்பள்ளம் வரை. அங்கே சுனை ஒன்றும், பாறைமுகத்தில் வரிசையாகச் செதுக்கிய எட்டுச் சிற்பங்களும் இருக்கின்றன. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அவற்றில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாய் தன் பெயரைப் பாறையில் நிறுத்திவைத்த இடத்துக்கு, முடியாது என்று வீட்டில் சொல்லப்பட்ட பெண்களை அழைத்துப் போவதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. இன்னும் சற்று மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம். அதற்கும் மேலே தீபத்தூணும் கன்னடக் கல்வெட்டும்.

இந்த ஏற்றத்தில் மட்டும் வந்த படிகளிலேயே இறங்க வேண்டும். வட்டத்தை முழுமையாக்க வேண்டும் என்பதற்காகத் தெரியாத சரிவில் இறங்குவதை நான் அனுமதிப்பதில்லை. பாறையில் ஏறுவது எளிது, இறங்குவதுதான் கடினம். ஏறும்போது கண்ணுக்கு நேரே இருக்கும் பிடிமானம், இறங்கும்போது காலுக்கடியில் மறைந்துவிடும். அதனால் எந்தக் குன்றுக்கும் என் விதி இதுதான்: செங்குத்தான பக்கம் ஏற்றத்துக்கு, தாழ்வான பக்கம் இறக்கத்துக்கு. அப்படி வழி அமையாவிட்டால் வந்த வழியே திரும்பு. இரண்டு நடையும் சேர்த்து நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நேரமும் வெயிலும்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் மலைநடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உலகின் பல இடங்களில் இன்றும் அதை அடிப்படையாக வைக்கிறார்கள். அது உடல்கட்டுள்ளவர்களின் கணக்கு. குழந்தையும் பெரியவரும் வரும் நடைக்கு நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். சிற்பங்களைப் பார்க்கவும் உட்காரவும் தனியாக நேரம் சேர்க்கிறேன். நான்கு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

நம் ஊரில் தூரத்தைவிடப் பெரிய விஷயம் வெயில். பாறை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி வீசும். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே அனல். கார்த்திகை முதல் மாசி வரை நடைக்கு ஏற்ற காலம். பங்குனி பிறந்தால் நான் யாரையும் பாறைக்கு அழைப்பதில்லை. எந்த மாதமானாலும் விடிந்ததும் தொடங்கி, ஒன்பது ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். காலையில் குன்றின் நிழல் மேற்கே விழும், அதனால் மேற்குப் பக்கத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்குச் சரிவு நெடுநேரம் குளிர்ச்சியாக இருக்கும். குன்றின் படத்தைச் செல்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்து, திசையைக் குறித்துக்கொண்டாலே இந்தக் கணக்கை வீட்டிலிருந்தே போட்டுவிடலாம்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதுவும் அவரவர் தோளில். சுனைநீரை நம்பிப் போகக் கூடாது. ரப்பர் அடி தேயாத காலணி, தொப்பி அல்லது துண்டு, கடலைமிட்டாய், ஒரு வாழைப்பழம். குரங்குகள் இருக்கும் குன்றில் பிளாஸ்டிக் பையின் சரசரப்பே அழைப்பு; தின்பண்டம் துணிப்பைக்குள் இருக்கட்டும். காய்ந்த கிரானைட்டில் கால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மழைநீர் வழிந்து கருத்துப்போன தடத்தில் பாசி இருக்கும், ஈரமானால் வழுக்கும். சரிவின் மேல் சிந்திக் கிடக்கும் பொடிமணலும் சின்ன உருளைகள்போல் காலை இழுத்துவிடும்.

இவற்றையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்ததில் பாடப்புத்தகத்துக்கு நிகரான பங்கு ஆடு மேய்ப்பவர்களுக்கு உண்டு. மழை விட்ட ஒரு நாள் மேலூர்ப் பக்கம் ஒரு குன்றில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். “டீச்சரம்மா, மழை பேஞ்ச மறுநாள் இந்தப் பக்கம் ஏறாதீங்க. அந்தா, அந்த இச்சி மரம் தெரியுதுல்ல, அதைச் சுத்தி வாங்க. ஆடே இதுல ஏறாது” என்றார். ஆடே ஏறாத சரிவு எது என்று எந்த வரைபடத்திலும் போட்டிருக்காது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்கே இருக்கும் ஒருவரிடம் வழி கேளுங்கள். அந்தக் குன்றில் கோயில் இருக்கும், நேர்ச்சை இருக்கும், செருப்புப் போடக் கூடாத இடம் இருக்கும், பெண்கள் தனியாகப் போகக் கூடாது என்று எச்சரிக்கும் மூலையும் இருக்கும். கேட்டுவிட்டு நடப்பதுதான் மரியாதை, பாதுகாப்பும் அதுதான்.

மனிதரல்லாத குடியிருப்பாளர்களும் உண்டு. பாறை விளிம்பின் அடியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் புகை ஆகாது, கல் ஆகாது, சத்தமும் ஆகாது. தை, மாசி, பங்குனியில் லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் செங்குத்துப் பாறையில் முட்டையிட்டு அடைகாக்கும். அந்தப் பக்கத்தில் ட்ரோன் பறக்கவிடுவதும் கூச்சலிடுவதும் ஒரு குஞ்சின் உயிரைப் பறிப்பதற்குச் சமம்.

அரசு செய்ய வேண்டியது

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு மலைநடை என்றாலே வீடுகளில் அச்சம். கட்டுப்பாடுகள் தேவைதான், நான் அவற்றை ஆதரிக்கிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காப்புக்காடுகளுக்குள் இருப்பவை. முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, பயணம் போய்ச் சேர வேண்டும். ஊர்ப் பேருந்தில் இறங்கி நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய சமவெளிக் குன்றுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. யானைமலை, கீழவளவு, திருவாதவூர், கொங்கர்புளியங்குளம், அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றி மட்டும் எத்தனை! செஞ்சியிலும் சித்தன்னவாசலிலும் நாமக்கல்லிலும் இதேபோல் பாறைகள் இருக்கின்றன.

இவற்றுக்குப் பெரிய செலவு வேண்டாம். அடிவாரத்தில் ஒரு பலகை போதும். அதில் சுற்றின் தூரம், மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம், எந்த மணிக்கு மேல் தொடங்கக் கூடாது என்ற மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வழிபிரியும் இடங்களில் சிறு கல்நாட்டி அம்புக்குறி. பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு ஒரு சுத்தமான கழிப்பறை. அதைப் பராமரிக்கவும் வழிகாட்டவும் அந்த ஊர் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு வேலை. பாறையின் மேல் கான்கிரீட் ஊற்றுவதோ வண்ணவிளக்கு போடுவதோ கூடாது. ஆடு மேய்ப்பவர்களின் வழியை மறித்து வேலி போடுவதும் கூடாது.

கூட்டம் வந்தால் குன்று கெடும் என்று சிலர் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்லும் வாதம் அது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்றைய நிலை என்ன? பலகை இல்லாத குன்றுகளுக்கும் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். பாட்டில் உடைக்கிறார்கள், ஆயிரம் ஆண்டுச் சிற்பத்தின் பக்கத்தில் தங்கள் பெயரைக் கீறுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் 2010 முதல் இடம் இருக்கிறது. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தால் பயனில்லை. காலைதோறும் குடும்பங்கள் நடக்கும் பாதையில், பாட்டியும் பேத்தியும் வந்து நிற்கும் குகைவாசலில், பெயர் கீற ஒருவருக்குக் கை கூசும். வழி ஒழுங்காக இருந்தால் கால்களும் அந்த வழியிலேயே போகும். பறவைக் கூடும் சுனையும் தப்பிக்கும்.

யாரும் போய்ப் பார்க்காத குன்றுதான் முதலில் காணாமல் போகிறது. கோப்பில் அது வெறும் சர்வே எண், வெறும் கனமீட்டர். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த ஆண்டே எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னெடுப்பில் பசுமை நடை தொடங்கியது. அது நகரத்து மனிதர்களைக் குன்றுகளுக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து வரலாறு பேசியது. மதுரைக்காரர்கள் பலருக்குத் தங்கள் ஊர்ப் பாறைகளின் பெயர் தெரிந்ததே அதற்குப் பிறகுதான்.

அரிட்டாபட்டி இன்னும் தெளிவான சான்று. ஏழு குன்றுகளும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், தமிழிக் கல்வெட்டும், வல்லூறுகளும் உள்ள அந்தப் பகுதியில் 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்திருந்தது தெரியவந்தது. ஊர்கள் எழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மக்கள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் தங்கள் குன்றுகளின் ஒவ்வொரு சுனையையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். கண்மாய்க்கு எந்தப் பாறையிலிருந்து தண்ணீர் வழிகிறது என்று தெரிந்தவர்கள். அறிந்திருந்ததால்தான் அவர்களால் காக்க முடிந்தது. நகரத்தில் இருக்கும் நாம் அந்த அறிவை நடந்துதான் பெற வேண்டும்.

குடியரசு நாளான ஜனவரி 26 அன்று ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்பு வரும் மார்கழியும் தையின் முதல் நாட்களும் குன்றைச் சுற்ற மிக நல்ல காலம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்றை அந்த நாட்களில் ஒருமுறை சுற்றி வாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பிள்ளை ஒருவரையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நேரம் ஆனது, எங்கே வழுக்கியது, எங்கே நிழல் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு கிராம சபையில் எழுந்து, இந்தக் குன்றைச் சுற்றி ஒரு நடைபாதையும் அடிவாரத்தில் ஒரு பலகையும் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். பஞ்சாயத்துப் பதிவேட்டில் பாதை என்று ஒருமுறை எழுதப்பட்ட நிலத்தை, பிறகு வரும் எந்த ஏலக்காரரும் ஆளில்லாத பாறை என்று சொல்லிவிட முடியாது.